விபத்து நடந்த இடத்தில் முதல் பத்து நிமிடம்: படிப்படியான வழிகாட்டி

2022இல் இந்தியாவிலேயே அதிகச் சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான். எண்ணிக்கை 64,105. இறந்தவர்கள் 17,884 பேர். இப்படி ஒரு விபத்து நடந்ததும் முதலில் வந்து சேர்பவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் எதிரே இருக்கும் டீக்கடைக்காரர், பின்னால் வந்த பைக்காரர், ஸ்டாண்டில் நிற்கும் ஆட்டோ ஓட்டுநர். ஆம்புலன்ஸ் வரும்வரை அடிபட்டவரின் உயிர் இவர்கள் கையில்தான்.

இவர்கள் வழக்கமாகச் செய்வது மூன்று காரியம். வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள். தூக்கி உட்கார வைப்பார்கள். கிடைத்த வண்டியில் மடக்கிப் போட்டுக்கொண்டு பறப்பார்கள். எல்லாம் நல்ல மனசோடுதான். ஆனால் மூன்றுமே பல நேரம் கெடுதலில் முடிகின்றன. போர்க்களத்திலும் நகரத்து மருத்துவமனைகளிலும் நடந்த காய சிகிச்சை ஆராய்ச்சிகளைப் பார்த்தால், முதல் சில நிமிடங்களில் ஆளைக் கொல்பவற்றில் கூட நிற்பவர்களால் தடுக்கக்கூடியவை முக்கியமாக இரண்டு: ரத்தம் வெளியேறுவது, மூச்சுப்பாதை அடைபடுவது. இரண்டையும் மருந்தோ கருவியோ இல்லாமல், வெறும் கையால் ஓரளவு தடுக்கலாம். இந்த வழிகாட்டி அந்த இரண்டைச் சுற்றியே எழுதப்பட்டது. மற்றதெல்லாம் அதற்குத் துணை.

இறங்குவதற்கு முன்: போலீஸ், கேஸ் பற்றிய பயம்

"உதவி செய்யப் போய் ஸ்டேஷனுக்கு அலைய வேண்டுமே" என்ற பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. இப்போது இல்லை. உதவி செய்பவரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சட்ட வலிமை கொடுத்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவே சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவும்போது ஏதாவது தவறிப்போனால்கூட உங்கள் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. பெயர், முகவரி சொல்ல விருப்பம் இல்லையென்றால் யாரும் வற்புறுத்தக் கூடாது. மருத்துவமனையில் உங்களிடம் முன்பணம் கேட்கவும் கூடாது. போலீஸ் வரும்வரை சிகிச்சை தர மாட்டோம் என்று சொல்ல முடியாது என்பது அதற்கும் முந்தைய, 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

சரி, இறங்கலாம்.

படி 1: நீங்கள் அடுத்த ஆளாகிவிடாதீர்கள்

உங்கள் வண்டியை விபத்து நடந்த இடத்துக்குச் சற்று முன்பே ஓரமாக நிறுத்தி, நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். இரவு என்றால் ஒருவர் பின்னால் போய் மொபைல் டார்ச்சை ஆட்டி வரும் வண்டிகளை நிறுத்த வேண்டும். நெடுஞ்சாலையில் அடிபட்டவரைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்குள் லாரி புகுந்த செய்திகளை எல்லோரும் படித்திருக்கிறோம். மோதிய வண்டியின் சாவியைத் திருப்பி இன்ஜினை அணையுங்கள். பெட்ரோல் கசிந்தால் பீடி, சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது. மின்கம்பம் சாய்ந்து கம்பி கிடந்தால், மின்சாரம் நிறுத்தப்பட்டது உறுதியாகும்வரை கிட்டவே போகாதீர்கள்.

படி 2: 108, அதோடு நேரம்

கூட்டத்தில் "யாராவது 108க்கு அடிங்கப்பா" என்று பொதுவாகக் கத்தினால் எல்லோரும் வேறு யாரோ அடித்திருப்பார்கள் என்று இருந்துவிடுவார்கள். ஒருவரைப் பார்த்து, "நீல சட்டை அண்ணே, நீங்க அடிங்க, அடிச்சிட்டு வந்து என்கிட்ட சொல்லுங்க" என்று சொல்லுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033ம் உண்டு. இலங்கையில் எண் 1990.

போனில் சொல்ல வேண்டியது: இடம், எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, ரத்தம் எவ்வளவு, யாராவது வண்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார்களா. இடத்தைச் சொல்லும்போது ஊர்ப்பெயர் மட்டும் போதாது. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குப் போகும் பக்கம், அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லில் என்ன எண், எந்த பங்க் அல்லது மேம்பாலம் என்று சொல்லுங்கள். நான்குவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் வந்துவிட்ட ஆம்புலன்ஸ் திரும்பி வர பல கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் உடனே செய்யுங்கள். விபத்து நடந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இது ஏதோ போலீஸ் சமாச்சாரம் இல்லை, சிகிச்சைக்கே தேவை. டிரானெக்சாமிக் ஆசிட் என்று ஒரு மருந்து. 1960களில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் தம்பதி உட்டாகோ ஒகமோட்டோ, ஷோசுகே ஒகமோட்டோ கண்டுபிடித்தது. விலை குறைவு. உறைந்த ரத்தக் கட்டி கரைந்துபோகாமல் பிடித்து வைக்கும். 40 நாடுகளில், இந்தியா உட்பட, 20,211 நோயாளிகளிடம் நடத்தி 2010இல் வெளியான க்ராஷ்-2 ஆய்வில், மருந்து பெற்றவர்களில் இறந்தவர்கள் 14.5 சதவீதம், பெறாதவர்களில் 16 சதவீதம். வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். உலக அளவில் கணக்குப் போட்டால் ஆயிரக்கணக்கான உயிர். ஆனால் அதே தரவை மறுபடி அலசியபோது தெரிந்ததுதான் முக்கியம்: முதல் மணி நேரத்தில் கொடுத்தால் பலன் அதிகம், மூன்று மணி நேரம் தாண்டிக் கொடுத்தால் ரத்தப்போக்கால் சாவது கூடவே செய்கிறது. கொடுக்கலாமா கூடாதா என்று டாக்டர் முடிவு செய்ய, "அடிபட்டு எவ்வளவு நேரமாச்சு?" என்ற கேள்விக்கு யாரிடமாவது பதில் இருக்க வேண்டும்.

படி 3: ரத்தம்

இங்கேதான் அதிகம் நின்று படிக்க வேண்டும்.

பெரியவர் ஒருவர் உடலில் ஏறக்குறைய ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. தொடையின் பெருந்தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போகலாம். 'முதலில் மூச்சு, அப்புறம் ரத்தம்' என்று பழைய முதலுதவிப் பாடம் சொல்லிக் கொடுத்தது. பீறிட்டு வரும் ரத்தமாக இருந்தால் அதை முதலில் நிறுத்து என்பதே இப்போதைய பாடம்.

ஆளைச் சுற்றிப் பாருங்கள். பேண்ட் கறுப்பாக இருந்தால் ரத்தம் கண்ணுக்குத் தெரியாது. கையை வைத்துத் தடவிப் பாருங்கள், ஈரமாகவும் பிசுபிசுப்பாகவும் இருந்தால் துணியைக் கிழித்துவிடுங்கள். பெண்ணாக இருந்தால் இன்னொரு பெண்ணை அழைத்துக்கொள்ளலாம், ஆனால் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். கையில் மாட்ட பிளாஸ்டிக் கவர் இருந்தால் போதும், கையுறைக்குப் பதில் அது ஆகும்.

காயம் தெரிந்ததும் துண்டு, துப்பட்டா, வேட்டி, எது கிடைத்தாலும் மடித்து அதன் மேல் வையுங்கள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால், முழங்கையை மடக்காமல், உங்கள் உடல் எடை முழுவதும் இறங்கும்படி அழுத்துங்கள். பதமாகப் பிடித்துக்கொள்வது வேலைக்கு ஆகாது. அவர் வலியில் கத்துவார், விடாதீர்கள். துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள். பலரும் சறுக்குவது அடுத்ததில்தான்: "நின்னுடுச்சா?" என்று அரை நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்ப்பது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும், அப்போதுதான் பிடிக்க ஆரம்பித்த ரத்தக் கட்டி பெயர்ந்துவிடுகிறது. ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்காதீர்கள். கை சோர்ந்தால் பக்கத்தில் இருப்பவர் தன் கையை உங்கள் கை மேல் வைத்து அழுத்திய பிறகு நீங்கள் உருவிக்கொள்ளுங்கள்.

அக்குளிலோ இடுப்பும் தொடையும் சேரும் இடத்திலோ ஆழமான காயம் என்றால், துணியை விரலால் உள்ளே திணித்து நிரப்பிவிட்டு மேலே அழுத்த வேண்டும். மார்பிலும் வயிற்றிலும் இப்படித் திணிக்கக் கூடாது. குத்தி நிற்கும் கம்பி, கண்ணாடித் துண்டைப் பிடுங்கக் கூடாது. அதைச் சுற்றி அழுத்துங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். ரத்தத்தை நிறுத்துவது அழுத்தம்தான். பொடியைக் கழுவி எடுக்கத்தான் மருத்துவமனையில் கூடுதல் நேரம் ஆகும்.

கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால், அல்லது உறுப்பே துண்டாகியிருந்தால், இறுக்குக் கட்டு போட வேண்டும். டூர்னிகெட் என்பார்கள். காயத்துக்கு மேலே, உடம்பை நோக்கி நான்கு விரல் தள்ளி, மூட்டின் மேல் வராமல் கட்டுங்கள். நான்கைந்து சென்டிமீட்டர் அகலமுள்ள துணி வேண்டும். கயிறோ செருப்பு வாரோ தோலை அறுக்கும், ரத்தத்தை நிறுத்தாது. ஒரு முடிச்சு, அதன் மேல் உறுதியான குச்சி அல்லது ஸ்பேனர், அதன் மேல் இன்னொரு முடிச்சு. பிறகு ரத்தம் நிற்கும்வரை குச்சியைத் திருகி, அவிழாதபடி கட்டிவிடுங்கள். பயங்கரமாக வலிக்கும். கட்டிய நேரத்தை அவர் நெற்றியிலேயே பேனாவால் எழுதலாம். இடையில் தளர்த்தாதீர்கள்.

'இறுக்கிக் கட்டினால் காலையே எடுக்க வேண்டி வரும்' என்ற பயம் டாக்டர்களிடமும் பல ஆண்டுகள் இருந்தது. பாக்தாதில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையின் ஆய்வு, 2009இல் வெளியானது, அதை மாற்றிவிட்டது. இறுக்குக் கட்டு போடப்பட்ட 232 பேரில், ரத்தம் போய் உடல் அதிர்ச்சி நிலைக்குப் (ஷாக்) போகும் முன்பே கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பிழைத்தார்கள். போன பிறகு கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். கட்டினதாலேயே உறுப்பை இழந்தவர் ஒருவரும் இல்லை. கட்டிய உறுப்பு வழக்கமாக இரண்டு மணி நேரம்வரை தாங்கும்.

துண்டான விரலோ கையோ கிடைத்தால் சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, அந்தக் கவரை ஐஸ் உள்ள இன்னொரு கவரில் வையுங்கள். நேரடியாக ஐஸில் போட்டால் திசு கெட்டுவிடும். நசுங்கிய காலைப் பார்த்துவிட்டு "இனி காப்பாத்த முடியாது" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். காலைக் காப்பதா எடுப்பதா என்று மதிப்பெண் போட்டு முடிவு செய்யும் முறை ஒன்றைக் கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனை மருத்துவர்களே உருவாக்கியிருக்கிறார்கள். வெளிநாடுகளிலும் அது பேசப்படுகிறது. அதில் 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் காலைக் காப்பாற்ற முயல்வார்கள். பார்க்கக் கோரமாக இருக்கும் கால்கள் பல அந்த எல்லைக்குள் வரும்.

படி 4: மூச்சுப்பாதை, ஹெல்மெட்

நினைவில்லாமல் மல்லாந்து கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். ரத்தமும் வாந்தியும் சேர்ந்தால் நிலைமை மோசம். குறட்டை போன்ற சத்தமோ, கொப்பளிப்பது போன்ற சத்தமோ கேட்டால் பாதை பாதி அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். "தூங்குற மாதிரி இருக்கார், தொந்தரவு செய்யாதீங்க" என்று விட்டுவிடக் கூடாது. தலைப்பக்கம் மண்டியிட்டு, இரண்டு காதுகளுக்கும் கீழே தாடை வளையும் இடத்தில் விரல்களை வைத்து, தாடையை மேலே தூக்குங்கள். கழுத்தை மடக்கவோ திருப்பவோ வேண்டாம். வாயில் தெரியும் உடைந்த பல், மண், பாக்கு இருந்தால் எடுங்கள். தெரியாததைத் தேடி விரலை விடாதீர்கள்.

வாந்தி வந்தால், அல்லது நீங்கள் தனியாக இருந்து தாடையைப் பிடித்துக்கொண்டே இருக்க முடியாவிட்டால், ஆளை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் சேர்ந்தே திரும்ப வேண்டும். முதுகெலும்பு அடிபட்டிருக்குமோ என்ற கவலை நியாயம்தான். ஆனால் மூச்சு அடைத்தால் சில நிமிடங்களில் மூளை சாகும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் மூச்சு.

ஹெல்மெட்டைக் கழற்றலாமா? மூச்சு நன்றாக இருந்தால் கழற்றாதீர்கள். கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டு, நாடாவைத் தளர்த்துங்கள். மூச்சு அடைக்கிறது, வாந்தி வருகிறது என்றால் கழற்றித்தான் ஆக வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைப்பக்கம் இருந்து ஹெல்மெட்டை இரு பக்கமும் அசையாமல் பிடிக்கிறார். இன்னொருவர் நாடாவை அவிழ்க்கிறார், அல்லது அறுக்கிறார். ஒரு கையால் தாடையைப் பிடித்து, இன்னொரு கையைக் கழுத்துக்குப் பின்னால் கொடுத்துத் தாங்குகிறார். இப்போது முதல் ஆள் ஹெல்மெட்டின் பக்கங்களை வெளிப்பக்கம் விரித்து, மூக்கு தட்டாதபடி லேசாகச் சாய்த்து, மெல்ல உருவுகிறார். வெளியே வந்ததும் அவரே தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தலையைத் தொங்கவிடக் கூடாது. இதைச் செய்ய அரை நிமிடம் போதும், ஆனால் வீட்டில் ஒருமுறை நண்பனை வைத்துச் செய்து பார்த்திருந்தால்தான் ரோட்டில் கை நடுங்காது.

மூச்சே இல்லை என்றால் சிபிஆர், அதாவது நெஞ்சை அழுத்தி அழுத்தி விடுவது: நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, ஐந்து சென்டிமீட்டர் ஆழம். விபத்துக் காயத்தில் இதன் பலன் மாரடைப்பில் உள்ள அளவு இருக்காது. என்றாலும் செய்யுங்கள்.

படி 5: தண்ணீர் வேண்டாம், போர்வை வேண்டும்

சோடா, காபி, தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். நினைவு மங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதும் சிக்கலாகும். தாகம் என்று கெஞ்சினால் உதட்டை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். முகத்தில் தண்ணீர் அடிப்பதும் வேண்டாம். உடல் குளிர்ந்தால் ரத்தம் உறையும் தன்மை குறையும், அதனால் மேலும் ரத்தம் போகும், அதனால் மேலும் குளிரும். மே மாத மதுரையிலும் இது நடக்கும். எனவே போர்வை, சாக்கு, உங்கள் சட்டை, எதையாவது போர்த்துங்கள்.

படி 6: பலர் அடிபட்டால்

ஆம்னி பஸ் கவிழ்ந்தது, வேன் மரத்தில் மோதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் போடுபவரிடம் ஓடத் தோன்றும். கத்துபவருக்கு மூச்சுப்பாதை திறந்திருக்கிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. சத்தமில்லாமல் கிடப்பவர்தான் முதல் ஆள். 1983இல் கலிபோர்னியாவில் உருவான 'ஸ்டார்ட்' என்ற தரம்பிரிப்பு முறையின் முதல் அடியை யார் வேண்டுமானாலும் செய்யலாம்: "நடக்க முடிஞ்சவங்க எல்லாம் அந்த மரத்தடிக்கு வாங்க!" என்று உரக்கச் சொல்லுங்கள். எழுந்து வருபவர்கள் காத்திருக்கலாம். மீதமுள்ளவர்களில், ஆளுக்கு அரை நிமிடம்: பீறிடும் ரத்தமா, அழுத்த ஒருவரை உட்கார வை, மூச்சு வரவில்லையா, தாடையைத் தூக்கு, அடுத்த ஆள். ஒருவரிடமே தங்கிவிடாமல் நகர்வது மனதுக்குக் கஷ்டமான வேலை, அதற்காகவே முன்கூட்டி யோசித்து வைக்க வேண்டியதும்கூட.

2023 ஜூன் 2 அன்று சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் பாலசோர் அருகே மோதியபோது, முதலில் பெட்டிகளுக்குள் இறங்கியவர்கள் பஹானகா பஜார் சுற்றுவட்டார மக்கள்தான். அன்றிரவே ரத்தம் கொடுக்க மருத்துவமனையில் வரிசை நின்றது. உலகின் பல பேரிடர் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு விஷயம்: லேசான காயக்காரர்கள் தாங்களாகவே அருகில் உள்ள மருத்துவமனைக்கு முதலில் போய்ச் சேர்ந்து இடத்தை நிரப்பிவிடுகிறார்கள், மோசமானவர்கள் பிறகு வருகிறார்கள். அதனால் மரத்தடியில் நிற்பவர்களை அங்கேயே நிறுத்தி வைப்பதும் உதவிதான்.

படி 7: எந்த ஆஸ்பத்திரி, என்ன சொல்வது

அடிபட்ட பிறகு சிகிச்சைக்கு முக்கியமான முதல் ஒரு மணி நேரத்தைக் குறிக்கும் 'கோல்டன் ஹவர்' என்ற சொல் அமெரிக்காவின் பால்டிமோரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆடம்ஸ் கவுலியால் பரவியது. 2001இல் ஆராய்ச்சியாளர்கள் இருவர் அதன் ஆதாரத்தைத் தேடிப் போனபோது, சரியாக ஒரு மணி நேரம் என்பதற்கு உறுதியான தரவு எதுவும் கிடைக்கவில்லை. நம் மோட்டார் வாகனச் சட்டமோ அதை ஒரு மணி நேரம் என்று வரையறுத்தே வைத்திருக்கிறது! பீறிடும் ரத்தத்துக்குக் கெடு நிமிடக் கணக்கு. சில தலைக்காயங்களுக்கு மணிக் கணக்கு. பக்கத்தில் இருக்கும் சின்ன கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போய், ஸ்கேன் இல்லை என்று அங்கிருந்து வேறு இடம் அனுப்பப்படுவதில்தான் நிறைய நேரம் தொலைகிறது. 108 வரும் தூரத்தில் இருந்தால் காத்திருங்கள். வண்டியில் வரும் மருத்துவ உதவியாளருக்கு எந்த மருத்துவமனையில் என்ன வசதி என்று தெரியும். ஆம்புலன்ஸ் வரவே வழியில்லை என்றால் ஆட்டோவில் மடக்காமல், வேன் அல்லது மினி லாரியில் பலகை மேல் நேராகப் படுக்க வைத்து, காயத்தை அழுத்தியபடியே கொண்டு போங்கள்.

ஒப்படைக்கும்போது நாலே வரி: எத்தனை மணிக்கு, எப்படி மோதியது, ஹெல்மெட் அல்லது சீட் பெல்ட் இருந்ததா, நடுவில் நினைவு வந்ததா. மருத்துவமனையில் ஏ.ஆர். எனப்படும் விபத்துப் பதிவு போடுவார்கள், பிறகு குடும்பத்தார் இழப்பீடு கேட்க அது உதவும்.

பணம் பற்றி: 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழக எல்லைக்குள் விபத்து நடந்தால் முதல் 48 மணி நேர சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் இலவசம். எந்த மாநிலத்துக்காரர், என்ன வருமானம் என்று பார்ப்பதில்லை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய் உண்டு. கவுன்டரில் திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள்.

படி 8: அதே இடத்தில் மறுபடி நடந்தால்

வில்லியம் ஹாடன் என்ற அமெரிக்க மருத்துவர் விபத்தை ஒன்பது கட்டங்கள் உள்ள அட்டவணையாகப் பிரித்தார். மோதலுக்கு முன், மோதும்போது, மோதிய பின் என்று மூன்று வரிசை; ஆள், வண்டி, சுற்றுப்புறம் என்று மூன்று பத்தி. நாம் 'ஓட்டினவன் குடிச்சிருந்தான்' என்று ஒரே கட்டத்தில் நின்றுவிடுகிறோம். சாலையின் நடுத்தடுப்பில் விட்ட இடைவெளி, எரியாத விளக்கு, வளைவில் நிற்கும் லாரி, ஆம்புலன்ஸ் திரும்ப முடியாத மீடியன் எல்லாமே மற்ற கட்டங்களில் இருக்கின்றன.

ஏறக்குறைய 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ பலத்த காயமோ ஏற்பட்ட விபத்துகள் ஐந்து, அல்லது பத்து மரணங்கள் என்றால், அது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கில் 'கரும்புள்ளி'. சம்பவங்களின் தேதி, நேரம், எந்தத் திசையில் வந்த வண்டி, எந்த இடத்தில் மோதியது என்பதைக் கையால் வரைந்த ஒரு படத்தோடு சேர்த்து எழுதுங்கள். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் கலெக்டர்தான். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 'வேகத்தடை வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். நெடுஞ்சாலையில் அதைப் போட மாட்டார்கள். விளக்கு, ஒளிரும் பலகை, நடுத்தடுப்பில் உள்ள திறப்பை மூடுவது என்று கேட்டால் நடக்க வாய்ப்பு அதிகம்.